கிள்ளைத் திட்டுக்கு மணல்மேட்டு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிச்சாவரம் என்றதும் துடுப்புப் படகும் சுரபுன்னைக் காடும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்தக் காட்டுக்கும் கிழக்கே, கடலை ஒட்டிக் கிடக்கிற மணல்திட்டு வரை போகிறவர்கள் குறைவு. கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ விடியுமுன் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரை திரும்பிவிடலாம். போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை.

திட்டு சரியாக எங்கே இருக்கிறது? தீவா, கரையா?

வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது. தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் பிச்சாவரத்துக் கழிகளைக் கடலிலிருந்து பிரித்து நிற்கும் ஒல்லியான மணல்பட்டைதான் திட்டு. சின்னவாய்க்கால் முகத்துவாரம் அதை நடுவில் வெட்டுகிறது. கிழக்கே வங்கக்கடல், மேற்கே உப்பங்கழி. பிச்சாவரத்தை ஒட்டிய ஊரான கிள்ளைப் பக்கமிருந்து போக வேண்டுமென்றால் படகுதான்.

போனில் உள்ள வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் வெள்ளம் மணலை உடைத்துப் புது வாய் திறக்கும், கோடையில் அலை மணலைத் தள்ளிப் பழைய வாயைத் தூர்க்கும். போன வருடத்துப் படத்தில் மணலாகத் தெரிகிற இடம் இந்த வருடம் தண்ணீராக இருக்கலாம்.

எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகியவை 2004 டிசம்பர் 26 வரை மீனவர்கள் குடியிருந்த ஊர்கள். ஆழிப்பேரலை பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் கிள்ளைப் பக்கம் குடியமர்ந்தார்கள். ‘ஆளில்லாத மர்மத் தீவு’ என்று தலைப்பு வைத்து வீடியோ போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போட்டால் நல்லது.

அனுமதி வாங்க வேண்டுமா?

பிச்சாவரம் அலையாத்திக் காடு காப்புக்காடு. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. காட்டு வாய்க்கால்களுக்குள் சொந்தமாகப் படகை விட்டுக்கொண்டு போகக் கூடாது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை வழியாகப் போவது ஒரு வழி. திட்டில் இறங்கி நடக்கத் திட்டமிட்டால், முந்தைய நாளே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆமை முட்டையிடும் பருவத்திலும் புயல் எச்சரிக்கை நாட்களிலும் அனுமதி மாறும். ‘யாரும் கேட்க மாட்டாங்க’ என்று படகுக்காரர் சொல்வதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாட்டினால் அவருடைய படகும் சேர்ந்து மாட்டும்.

எந்த மாதம் போகலாம்?

தை பிறந்ததிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை. வெயில் தாங்கும், வானம் தெளிந்திருக்கும். மழைநீர் வடிந்து முகத்துவாரங்களில் இழுப்பும் குறைந்திருக்கும். மாசி மகத்தன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வருகிற நாள் அது. சாலை முழுக்கச் சனமாக இருக்கும். தீர்த்தவாரி பார்க்கவே போகிறீர்கள் என்றால் அது வேறு பயணம்.

சித்திரை, வைகாசியில் வேண்டாம். வெயில் ஒரு காரணம். கச்சான் என்கிற மேற்குக் காற்று ஓங்கி அடிக்கிற நாட்களில் மத்தியானம் வரவேண்டிய கடற்காற்று தாமதமாகும் என்பது இன்னொரு காரணம். ‘கடலோரம்தானே, காத்து வரும்’ என்று நினைத்துப் போகிறவர்கள் மேற்கிலிருந்து வரும் அனலில் நிற்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். சிறிய ஃபைபர் படகுகள் அப்போதும் ஓடும். ஆனால் கடலில் ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும். ஏதாவது ஆனால் கைகாட்டி அழைக்கவும் ஆள் கிடைக்காது.

ஆடியிலிருந்து புரட்டாசி வரை காலையில் போய் 11 மணிக்குள் திரும்பலாம். மாலையில் மேற்கே இடி கட்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை பேச்சே வேண்டாம். 2011-இல் தானே, 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையில் ஏறிய புயல்கள் எல்லாம் அந்தப் பருவத்தில் வந்தவை.

நேரத்தை எப்படிப் பிரிப்பது?

தை, மாசிக்கு ஒரு கணக்கு. கடலூரிலிருந்து காலை 4.30-க்கு வண்டி எடுங்கள். புதுச்சேரியிலிருந்து என்றால் 3.45. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். கிள்ளை ரயில் நிலையம் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையில்தான் இருக்கிறது, ஆனால் பாசஞ்சர் நேரம் விடியற்கால நடைக்குத் தோதுப்படாது. 6 மணிக்குப் படகுத்துறை. பொழுது விடியும் 6.30 வாக்கில் படகு கிளம்பினால் 7-க்குள் திட்டில் கால் வைக்கலாம்.

7-லிருந்து 9 வரை போகிற நடை. 9 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புங்கள். ‘அந்த மேடு வரைக்கும் மட்டும்’ என்று நினைக்க வேண்டாம். மணல்மேட்டுக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு மணல்மேடு இருக்கும். 11 மணிக்குப் படகு ஏறிவிட வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் நடக்க முடியும்?

ரோட்டில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிறவர், அலை வந்து போன ஈர மணலில் 4 நடப்பார். காய்ந்த பொலபொல மணலில் 2-தான். ஒரே வேகத்தில் நடந்தால், கெட்டித் தரையைவிட மணலில் செலவாகும் சக்தி இரண்டு மடங்குக்கு மேல். கால் பின்னால் உந்தும்போது மணல் வழுக்கிப் போகிறது, அடி எடுத்து வைக்கும்போது புதைகிறது, இரண்டு பக்கமும் நட்டம். முதல்முறை போகிறவர்கள் போக வர மொத்தம் 6 கிலோமீட்டரோடு நிறுத்துங்கள். போகும்போது மேடுகளின் ஓரமாகவும், களைத்துத் திரும்பும்போது ஈர மணலிலும் வருவது நல்லது. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் திரும்பும்போது நாக்குத் தள்ளுகிறார்கள்.

அலையோரம் சரிந்திருக்கும். ஒரே பக்கமாகச் சரிவில் அரை மணிக்கு மேல் நடந்தால் ஒரு முட்டி மட்டும் வலிக்கும். அவ்வப்போது மேலே ஏறிச் சமதரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.

படகுக்காரரிடம் என்ன பேசி முடிக்க வேண்டும்?

கூலியை ஏறுமுன் பேசுங்கள். பாதியை அப்போதும், மீதியைக் கரை திரும்பியதும் கொடுப்பது எல்லோருக்கும் நல்லது. எங்கே இறக்குகிறார், எங்கே வந்து ஏற்றுகிறார், எத்தனை மணிக்கு என்பதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். இறக்கிய இடத்தில் நீங்கள் ஒரு அடையாளம் பாருங்கள்: பனை, ஒதுங்கிய கட்டை, கொடிக்கம்பு, எதுவானாலும் சரி. மணல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வத்தம் எப்போது என்று அவரிடமே கேளுங்கள். கடல்நீர் இறங்குவது வத்தம், ஏறுவது ஏத்தம். கழியின் உள்பகுதியில் வத்தத்தில் தண்ணீர் குறைந்து படகு தரைதட்டும். அப்போது இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். போனில் பார்க்கிற ஏத்த வத்த நேரம் கடலோரத்துக்கு உரியது. கழிக்குள் அது பின்தங்கித்தான் வரும், எவ்வளவு என்பது அங்கே தொழில் செய்கிறவருக்குத்தான் தெரியும். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று. உட்காரப் பலகையாகப் போடாமல் உடம்பில் மாட்டிக்கொள்ள.

‘அண்ணே, இன்னைக்கு காத்து எப்படி?’ என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். கூட நூறு ரூபாய் தருவதாகச் சொல்லிச் சம்மதிக்க வைக்காதீர்கள்.

முகத்துவாரம் குறுகலாகத் தெரிகிறது. நடந்து கடக்கலாமா?

கூடாது. இந்த நடையில் மணல்மேடு யாரையும் ஒன்றும் செய்துவிடாது. ஆளை எடுப்பது முகத்துவாரம்.

இந்தக் கரையில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. அதனால் ‘இவ்வளவுதானே’ என்று தோன்றும். ஆனால் பின்னால் இருக்கிற அத்தனை கழித் தண்ணீரும் அந்தச் சின்ன வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவே, மூன்றாம் மணி நேரத்தை ஒட்டி, இழுப்பு உச்சத்தில் இருக்கும். முட்டியளவுத் தண்ணீர் வேகமாக ஓடினால் நிற்கும் காலடி மணலையே அரித்துக்கொண்டு போகும். ஒரே இடத்தில் நின்று குனிந்து பாருங்கள்: குதிகாலைச் சுற்றிக் குழி விழும், கால் தானாக இறங்கும். பத்து நொடியில் கணுக்கால் மறைந்தால் அந்த இடத்தின் வேகம் என்ன என்று புரிந்துவிடும்.

காலையில் வத்தத்தில் கடந்தவர், மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பும்போது அதே இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரைப் பார்ப்பார். கிள்ளை கண்ணெதிரே தெரியும், போக முடியாது. அப்படி மாட்டினால் நீந்தாதீர்கள். மேட்டில் ஏறி நிழல் கட்டிக்கொண்டு அடுத்த வத்தம் வரை, சுமார் ஒன்பது மணி நேரம், உட்காருங்கள். படகுக்காரருக்குப் போன் போடுங்கள்.

கோடையில் வாய் தூர்ந்து மணல் மூடியிருந்தாலும் கவனம் வேண்டும். புதிதாக மூடிய இடத்தில் மேலே காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீர் நிறைந்து உளையாகக் கிடக்கும். கம்பால் குத்திப் பார்த்து நடங்கள். கால் புதைந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் இறுக்கும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பாரத்தை விரித்து, காலை மெல்ல மெல்ல ஆட்டினால் ஓரத்தில் தண்ணீர் இறங்கி மணல் தளரும். ஒவ்வொரு காலாக எடுக்கலாம்.

மணல்மேட்டில் ஏறுவதற்கு முறை உண்டா?

உண்டு. காற்று அடிக்கிற பக்கம் சரிவு குறைந்து மணல் இறுகியிருக்கும், வரிவரியாக அலைக்கோடுகள் தெரியும். மறைவுப் பக்கம் செங்குத்தாக, சுமார் 32 பாகையில், பொலபொலவென்று இருக்கும். உலர்ந்த மணல் அதற்கு மேல் குவியாது, சரிந்துவிடும். ஏறுவது வரிக்கோடு தெரிகிற பக்கம், இறங்குவது மறைவுப் பக்கம். இந்தக் கரையில் வாடையும் தென்மேற்குக் காற்றும் மாறி மாறி அடிப்பதால் எந்தப் பக்கம் எது என்று பருவத்துக்குப் பருவம் மாறும். போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நேராக ஏறாமல் குறுக்கே வளைந்து வளைந்து ஏறுங்கள். அடியை மட்டமாக வையுங்கள், குதிகாலை மட்டும் ஊன்றினால் புதையும். முன்னால் போகிறவர் கால்தடத்திலேயே அடுத்தவர் கால் வைத்தால் பாதி உழைப்பு மிச்சம்.

கடல்பக்கம் அலை அரித்த மேடுகள் கத்தியால் வெட்டிய மாதிரிச் செங்குத்தாக நிற்கும். அதன் அடியில் நிழல் கிடைக்கிறதே என்று உட்காராதீர்கள். பிள்ளைகளைக் குகை தோண்ட விடாதீர்கள். ஒரு கன மீட்டர் மணல் சுமார் 1,600 கிலோ. ஈரம் காய்ந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் சரியும்.

செருப்பா, ஷூவா, வெறுங்காலா?

ஈர மணலில் வெறுங்கால் சுகம். மேடுகளில் கூடாது. நெருஞ்சியும் இராவணன் மீசைப் புல்லின் ஊசிமுனையும் காத்திருக்கும், 10 மணிக்கு மேல் மணல் சுடும். கேன்வாஸ் ஷூ போதும், வலைத்துணி ஷூ வேண்டாம். அந்த ஓட்டைகள் வழியாக மணல் உள்ளே போகும், வெளியே வராது. பழைய சாக்ஸின் பாதப்பகுதியை வெட்டிவிட்டு, மேல்பகுதியைக் கணுக்காலில் ஷூ வாயை மூடுகிற மாதிரி இழுத்துவிட்டால் காசில்லாத கவசம். ஹவாய் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் முதுகில் மணல் வீசும்.

தண்ணீர் எவ்வளவு?

நான்கு மணி நேர நடைக்கு ஆளுக்கு 3 லிட்டர், படகில் கூடுதலாக ஆளுக்கு 1 லிட்டர். மூன்று லிட்டர் என்றால் தோளில் மூன்று கிலோ. அதைக் குறைக்க நினைக்காதீர்கள், கேமராவைக் குறையுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு ஒன்று. 20.5 கிராம் பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் கொட்டிக் குடித்தால் உப்பு கூடித் தாகம்தான் ஏறும். கிளம்புமுன் வீட்டில் நீராகாரம் குடித்தால் அன்றைக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை. புளிசாதம் கெடாது. தயிர்சாதத்தை வெயிலில் சுமந்தால் 11 மணிக்குள் புளித்துப் பொங்கும்.

திட்டில் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார்களே?

வரும், சில இடத்தில். மழைநீர் மணல்மேட்டுக்குள் இறங்கி, உப்புநீரைவிட லேசாக இருப்பதால் அதன் மேலேயே மிதந்து நிற்கும். மீனவ ஊர்களில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணிக் கிணறு இருப்பது இதனால்தான். ஆனால் அந்த அடுக்கு மெல்லியது, கோடையில் இன்னும் மெலியும், ஒரு முழம் கூடுதலாகத் தோண்டினால் உப்பு ஏறும். அதை நம்பித் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு போகக் கூடாது.

வழி தவறினால்?

இங்கே தவறுவது கடினம். வடக்கே நடந்தால் வலக்கைப் பக்கம் கடல், தெற்கே நடந்தால் இடக்கைப் பக்கம். மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் கடல் தெரியாது, ஆனால் அலைச்சத்தம் கேட்கும். குழப்பமானால் சத்தத்தை நோக்கிப் போங்கள்.

செடிகொடி மேல் நடந்தால் என்ன ஆகிவிடும்?

மேடு போய்விடும். கடலோரத்தில் முதலில் படர்வது ஊதா நிறப் பூப் பூக்கும் அடப்பங்கொடி, சங்கப் பாட்டில் அடும்பு என்று வருகிற அதே கொடிதான். அதன் இலைகளில் மோதிக் காற்றின் வேகம் குறைகிறது, கொண்டுவந்த மணலைக் கீழே போடுகிறது. மணல் ஏற ஏறக் கொடியும் மேலே ஏறும். இராவணன் மீசையின் காய்ந்த கதிர்க்கொத்தைப் பார்த்திருப்பீர்கள்: எல்லாப் பக்கமும் ஊசி நீட்டிய உருண்டை. தண்டிலிருந்து முறிந்து, ஊசிமுனைகளில் கால் ஊன்றிக் காற்றில் மணல் மேல் குதித்துக் குதித்து ஓடும், போகிற வழியில் விதையை உதிர்த்துக்கொண்டே. எங்காவது பள்ளத்தில் சிக்கினால் அங்கே ஒரு புது மேடு தொடங்கும்.

பத்துப் பேர் ஒரே தடத்தில் கொடியை மிதித்து ஏறினால் அந்த இடம் மொட்டையாகும். காற்று அந்த வாயில் புகுந்து அடுத்த பருவத்துக்குள் மேட்டை இரண்டாகப் பிளக்கும். மணல்மேடுகள் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் உச்சப் பாதுகாப்புப் பிரிவில் இருப்பது அழகுக்காக அல்ல. 2004 அலைக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையில் நடந்த ஆய்வில், முன்னால் மரக்காடு நின்ற ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது தெரிந்தது. ஆகவே கொடி இல்லாத இடைவெளி வழியாகவே ஏறுங்கள்.

கடலாமை முட்டை, குஞ்சு பார்த்தால்?

பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி முட்டையிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். டிராக்டர் டயர் போன மாதிரித் தடம் தெரிந்தால் அதுதான். தோண்டாதீர்கள், எடுக்காதீர்கள், மேலே நடக்காதீர்கள். வனத்துறைக்கு இடத்தைச் சொல்லுங்கள். குஞ்சு கடலுக்குப் போகும்போது கையில் தூக்கி ‘உதவி’ செய்வதும் வேண்டாம். 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிர் அது.

பாம்பு, திருக்கை, சொறி (ஜெல்லிமீன்)?

மணற்பாங்கான புதர்களில் சுருட்டை விரியன் இருக்கும். நிறம் மணலோடு கலந்துவிடும். பார்க்காமல் புதருக்குள் கைவிடாதீர்கள், கட்டையைப் புரட்டாதீர்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் கூடாது. காலை அசைக்காமல் படுக்கவைத்துத் தூக்கி வந்து படகில் ஏற்றுங்கள்.

கழியோர ஆழமில்லாத தண்ணீரில் திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். அடியைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போகும். முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கினால் வலி தணியும். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது இதற்கும் உதவும். சூட்டை வேறொருவர் கையால் பார்த்துவிட்டு முக்குங்கள், மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. முள் ஆழமாக ஏறி நின்றிருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொறி பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள்.

இடி வந்தால்?

மணல்மேட்டு உச்சியில் நிற்கிற ஆள்தான் அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருள். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் 30 நொடிக்குக் குறைவு என்றால் இறங்குங்கள். தனிப் பனை அடியில் ஒதுங்க வேண்டாம். மேடுகளுக்கு நடுப் பள்ளத்தில், ஒருவருக்கொருவர் தள்ளி, குந்தி உட்காருங்கள்.

வலைகள், படகுகள் கிடக்கும் இடத்தில்?

வலையை மிதிக்காதீர்கள், தாண்டவும் செய்யாதீர்கள், சுற்றிப் போங்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றுக்கு உள்பக்கம் நிற்கக் கூடாது. போட்டோ எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரவு தங்கலாமா? ‘பார்ட்டி’?

இரண்டும் வேண்டாம். ஆமைக்கு வெளிச்சம் ஆகாது, கடலோரக் காவலுக்கு அறிமுகமில்லாத ஆள் ஆகாது. புதுச்சேரிச் சரக்கோடு வருகிறவர்களுக்கு ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியே பாதி பதில் சொல்லிவிடும். மீதி பதில், மணலில் புதைந்த கண்ணாடித் துண்டு.

முதலில் எங்கே பழகுவது?

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலிருந்து தாழங்குடா பக்கம் காலையில் நடந்து பாருங்கள். தென்பெண்ணை முகம் கண்ணில் பட்டதும் திரும்புங்கள். அடுத்தது புதுச்சத்திரம் வழியாகச் சாமியார்பேட்டை. புதுச்சேரிக்காரர்களுக்கு நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமிலிருந்து போகும் பாரடைஸ் பீச் மணல் போதும். இங்கெல்லாம் ஒரு மணி நேரம் மணலில் நடந்து மூச்சு வாங்காதவர் திட்டுக்குத் தயார். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை இந்த மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, பொது அவசரம் 112. 108 ஆம்புலன்ஸ் திட்டுக்கு வராது, படகுத்துறைக்குத்தான் வரும். எனவே முதல் போன் படகுக்காரருக்கு, இரண்டாவது 108-க்கு, எந்தத் துறைக்கு வர வேண்டும் என்று பெயரோடு. பக்கத்துப் பெரிய மருத்துவமனை அண்ணாமலை நகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திட்டில் சிக்னல் விட்டுவிட்டு வரும், மேட்டு உச்சியில் கொஞ்சம் பரவாயில்லை. போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைக்குள் இருந்தபடியே பேசுங்கள். சார்ஜ் போடும் துளையில் மணல் புகுந்துவிட்டால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். போனைக் கவிழ்த்துத் தட்டி, காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுச் சார்ஜர் சொருகுங்கள்.